முகம் பார்க்கும் கண்ணாடியில் பாதத்தையும் பாருங்கள்!

முகத்துக்கு மஞ்சள், பயத்தமாவு, பவுடர், க்ரீம். கூந்தலுக்கு எண்ணெய், சீயக்காய், ஷாம்பு. காலுக்கு? கொலுசும் மெட்டியும் போட்டாயிற்று, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். விடிகாலையில் வாசல் தெளிக்க எழுந்தது முதல் இரவு அடுப்படியைக் கழுவிவிட்டுப் படுக்கிற வரையில் நம்மைச் சுமக்கிற பாதத்தைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

"வலிச்சால்தானே பார்க்கணும்?" என்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. வலிக்கிற காலுக்கு எப்படியும் வைத்தியம் நடந்துவிடும். வலிக்காத கால்தான் ஆளை ஏமாற்றிவிடும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் தினப்படி நாம் காண்கிற உபத்திரவங்களைப் பார்ப்போம்.

பாதத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தூத்துக்குடிப் பக்கத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. உப்பளம், மீன் ஏலம், துறைமுகம், கடற்கரை மணல் என்று இங்கே எல்லாப் பிழைப்பும் காலின் மேல்தான் நிற்கிறது. அந்த நாளில் முத்துக் குளித்தவர்கள்கூட, கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றிக் கொண்டுதான் கடலுக்குள் இறங்கினார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால் உப்பு வாருவது நின்றுவிடவில்லையே!

உப்பில் ஊறும் கால்

வேப்பலோடை, தருவைகுளம் தொடங்கி முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி வரையில் கடலோரமெல்லாம் உப்பளங்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பங்கு தூத்துக்குடி மாவட்டத்து உப்புதான். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களிலும், தலையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுகிறவர்களிலும் ஏராளமானோர் பெண்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமென்று இருட்டோடு கிளம்பிப் போகிறவர்கள்.

வடுமாங்காயில் உப்புப் போட்டு இரண்டு நாள் வைத்தால் என்ன ஆகிறது? மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்கிப் போகிறது. உப்புப் பாத்தியில் நிற்கிற காலுக்கும் அதே கதிதான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு விளைகிற பாத்தியில் அதைப் போல ஏழெட்டு மடங்கு. அதில் மணிக்கணக்காக நின்றால் தோலில் உள்ள ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் உப்பு உறிஞ்சிவிடும். தோல் தடித்து, காய்ந்து, வெடிக்கும். வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போனால் எரிகிற எரிச்சலைச் சொல்லி முடியாது. போதாக்குறைக்குப் பாத்தியில் உறைந்த உப்பு கண்ணாடிச் சில்லு மாதிரி குத்தும்.

உப்பளத்துக்குப் போகிற ஓர் அக்காளிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க காலுக்கு என்ன தாயி, இரும்பு மாதிரி ஆயிட்டு. முள்ளு குத்தினாக்கூட உள்ள போகாது" என்பாள். சிரித்துக் கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்த இரும்பு எப்போது காவலாக இருக்கிறது, எப்போது வினையாகிறது என்று தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

பாத்தியை விட்டுக் கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போய்க் கழுவிக் கொள்ளலாம் என்று உப்புக் காலோடு இரண்டு மைல் நடக்கக் கூடாது. குடிக்கக் கொண்டு போகிற தண்ணீரோடு காலுக்கென்று ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். துடைத்த கையோடு, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ, விளக்கெண்ணெயோ, வாசலினோ தடவிக் கொள்ளுங்கள். வேலைக்கு இறங்கும் முன்பும் ஒரு பூச்சு வாசலின் போட்டால் உப்பு நேராகத் தோலைத் தாக்காது. ரப்பர் பூட்ஸ் நல்லதுதான், ஆனால் உள்ளே உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெறுங்காலை விட மோசம். ஊறிய தோலைப் பூட்ஸ் உரசியே புண்ணாக்கிவிடும். அளவு சரியாக இருக்க வேண்டும், உள்ளே பருத்திக் காலுறை வேண்டும், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி வேண்டும்.

"கடல் தண்ணி பட்டாப் புண் ஆறிடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. சுத்தமான தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துப் புண்ணைக் கழுவுவது வேறு, கடலில் புண்ணை ஊற வைப்பது வேறு. கடல் தண்ணீரில் வாழும் சில கிருமிகள், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் புண் வழியாக உள்ளே போய் ஒரே நாளில் உயிருக்கு மோசம் செய்யக்கூடியவை. திறந்த புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம்.

பித்த வெடிப்புக்குப் பித்தம் காரணமா?

இல்லை! பெயர்தான் அப்படி. குதிகாலில் இருக்கும் கொழுப்பு மெத்தை, நம் எடை விழும்போது பக்கவாட்டில் விரிகிறது. சுற்றியுள்ள தோல் காய்ந்து தடித்திருந்தால் விரிந்து கொடுக்க முடியாமல் வெடித்துவிடுகிறது. அதனால்தான் பிள்ளை பெற்று எடை கூடியவர்களுக்கும், பின்பக்கம் திறந்த செருப்புப் போடுகிறவர்களுக்கும், நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கும் இது அதிகம்.

இரவில் படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை வைத்து, பீர்க்கங்காய் நாராலோ பாதம் தேய்க்கும் கல்லாலோ மெதுவாகத் தேயுங்கள். ரத்தம் வருகிற மட்டும் தேய்த்துத் தீர்க்கிற ஜாதியை எனக்குத் தெரியும், அது வேண்டாம்! துடைத்துவிட்டு எண்ணெயோ வாசலினோ தடவி, பழைய பருத்திக் காலுறையை மாட்டிக் கொண்டு படுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். ரொம்பத் தடித்த தோலுக்கு யூரியா அல்லது சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து உருக்கி, ஆறிய பிறகு வெடிப்பில் அடைப்பது பாட்டி வைத்தியம். ஈரம் போகாமல் மூடி வைக்கிறது என்பதால் அதில் தப்பில்லை. சூடாக மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்பு வைப்பதும் பிளேடால் சீவுவதும் கூடவே கூடாது.

எத்தனை தடவியும் போகவில்லை, கூடவே உடம்பு பருக்கிறது, முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது என்றால் தைராய்டு பரிசோதனை செய்து கொள்ளுங்கள். உள்ளங்கையும் சேர்ந்து வெடித்துச் செதில் செதிலாக உரிந்தால் அது சொரியாஸிஸ் என்ற தோல் நோயாகவும் இருக்கலாம். தோல் டாக்டர் பார்த்தால்தான் தெரியும்.

சேற்றுப்புண்ணும் மெட்டியும்

உப்பளத்துக் கால் காய்ந்து கெடுகிறது என்றால், நம் அடுப்படிக் கால் ஈரத்தில் கெடுகிறது. பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, மீன் கழுவுவது எல்லாம் ஈரத்தில்தான். விரலிடுக்கு, முக்கியமாகச் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, வெளுத்து, ஊறி, தோல் உரிந்து அரிக்கும். இது பூஞ்சைக் காளானின் வேலை. ஈரமும் இருட்டும்தான் அதற்குச் சாப்பாடு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, ஊர்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட சமயத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துதான் பால் வாங்க வேண்டும், பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியை நுழைத்துத் துடையுங்கள். காலில் கீறல் இருந்தால் நீர் புகாதபடி மூடிக் கொண்டு இறங்குங்கள். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்திலிருந்து காலில் உள்ள சிறு காயம் வழியாக எலிக்காய்ச்சல் வரும். வெள்ளத்தில் நடந்த பிறகு நாலைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி என்று வந்தால், வெறும் காய்ச்சல் மாத்திரையோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சேற்றுப்புண்ணுக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு போதும். காலையும் மாலையும் நன்றாகத் துடைத்த பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறோமே, அதனால்தான் அடுத்த மாதமே திரும்பி வருகிறது. தோல் பழைய மாதிரி ஆன பிறகும் இரண்டு வாரம் தடவுங்கள். இன்னொரு முக்கியமான சமாசாரம். கடையில் போய் "அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த கலவைக் களிம்பைக் கொடுத்துவிடுவதுண்டு. இரண்டு நாளில் அரிப்பு மாயமாகும், ஆனால் காளான் உள்ளூர வளர்ந்து, பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத படர்தாமரையாகப் பரவும். குழாயில் பீட்டாமெதசோன், க்ளோபிடசால் என்ற பெயர்கள் இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்க வேண்டாம்.

மஞ்சளும் மருதாணியும் நம் வீட்டு மருந்துகள். அரைத்த மருதாணி இலை வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் கறுப்பாகப் பிடிக்கும் என்று கூம்பில் விற்கிறார்களே, அதில் சாயம் கலந்திருக்கும். புண்ணின் மேல் அது படக் கூடாது.

மெட்டி போடுகிறவர்கள் வாரம் ஒரு தடவை கழற்றி, அடியில் சேர்ந்த அழுக்கையும் ஈரத்தையும் துடைத்துவிட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் கால் வீங்கத் தொடங்கியதும் கழற்றி வைத்துவிட வேண்டும். "கழட்டப்படாதுன்னு மாமியார் சொல்றாங்க" என்று இருந்துவிட்டு, விரல் நீலம் பாரித்த பிறகு வெட்டி எடுப்பதைவிட, சம்பிரதாயத்துக்கு ஒரு நூலைக் கட்டிக் கொள்ளலாமே! கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம்தான், ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும்.

ஆணி, குதிகால் வலி, மீன் முள்

காலில் ஆணியா, மருவா? நேராக அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலித்தால் மரு. ஆணிக்குக் காரணம் இறுக்கமான செருப்பும் ஒரே இடத்தில் விழுகிற அழுத்தமும். அதை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வளரும். மருந்து தடவிய ஆணிப் பிளாஸ்திரி ஆரோக்கியமான காலுக்கு மட்டும்தான். சர்க்கரை வியாதிக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்தின மாதிரி வலி, நாலடி நடந்ததும் குறைகிறது — குழந்தை பெற்ற பிறகு நிறையப் பேர் இதைச் சொல்வார்கள். உள்ளங்கால் நரம்பு போல நீளும் தசைநார் இறுகி அழன்றிருக்கிறது. மொசைக் தரையில் வெறுங்காலோடு நிற்பதை விடுங்கள். வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிஷம் பிடியுங்கள், நாலைந்து தடவை. பொறுமை வேண்டும். மாதக்கணக்கில்தான் சரியாகும்.

கடற்கரை வீடுகளில் மீன் முள் குத்துவது தினப்படிக் கதை. சாதாரண முள்ளென்றால் எடுத்துக் கழுவிவிடலாம். திருக்கை வால் முள்ளோ, கெளுத்தி முள்ளோ குத்தினால் விஷம் ஏறி வலி உயிர் போகும். அந்த விஷம் சூட்டில் கெடக்கூடியது. ஆகவே குத்துப்பட்ட காலைத் தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி அடங்கும். சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும், வலியில் துடிக்கிறவருக்குச் சூடு தெரியாது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு, முள் முறிந்து உள்ளே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ திருக்கை குத்தினால் வெந்நீருக்கு நேரமில்லை, முள்ளைப் பிடுங்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

குழந்தைகள் மணலில் ஓடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் மலம் கழிக்கிற இடங்களின் பக்கம் செருப்பில்லாமல் விடாதீர்கள். கொக்கிப் புழு பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது, போய் ரத்தத்தைக் குடிக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளை லீவு போடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கு உள்ளங்கால் தட்டையாக இருக்கிறதே என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்தாறு வயது வரை அது இயற்கைதான்.

வலிக்காத கால்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கொல்லிமலையில் 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் படித்து அறுவை மருத்துவரான அவர், 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைவிரலும் கால்விரலும் ஏன் குறைந்து போகின்றன என்ற கேள்வி அவரைக் குடைந்தது. நோய் சதையைத் தின்கிறது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். நோய் தின்றது நரம்பின் உணர்ச்சியைத்தான். உணர்ச்சி போனபின் நோயாளி சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறார், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார், தெரிவதில்லை. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றதுகூடத் தெரியாமல் காலையில் எழுந்தவர்கள் இருந்தார்கள். அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மை.

உள்ளங்காலில் வருஷக்கணக்காக ஆறாத புண்ணும், எடை விழாதபடி மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டால் ஆறியது. திரும்ப வராமல் இருக்க, அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிற மெத்தென்ற செருப்பு வேண்டியிருந்தது. நுண்துளை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு அப்படித்தான் வேலூர், கரிகிரி பக்கத்தில் உருவாயிற்று. 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொழுநோயாளியின் காலில் நடந்ததேதான் சர்க்கரை வியாதிக்காரரின் காலிலும் நடக்கிறது என்பதை டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக் காலுக்கு எழுதித் தருகிறார்களே எம்.சி.ஆர். செருப்பு, அதன் பூர்வீகம் இதுதான்.

சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் கால் நரம்பு கெடும். எரியும், ஊறும், பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு அதுவும் போய் மரத்துவிடும். "எரிச்சல் விட்டுட்டு, இப்பத் தேவலை" என்று சந்தோஷப்படுகிறார்கள். தேவலையாகவில்லை, காவல்காரன் தூங்கிவிட்டான். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் அத்தை தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்து போகிறாரா? அது மறதி என்று நினைத்துக் கேலி செய்யாதீர்கள்.

உப்பளத்து அக்காள் சொன்ன இரும்புக்கால் இங்கேதான் வினையாகிறது. தடித்த தோலுக்குக் கீழே சதை நசுங்கி, உள்ளே நீர் கோத்துப் புண்ணாகிவிடும். வெளியே பார்த்தால் பழைய காய்ப்புதான். உணர்ச்சியுள்ள கால் வலித்துக் காட்டிக் கொடுக்கும், மரத்த கால் காட்டிக் கொடுக்காது. துர்நாற்றமோ காய்ச்சலோ வந்து பார்க்கும்போது எலும்பு வரை போயிருக்கும். கூடவே ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வருகிறது. வீட்டில் உழைத்துக் கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலை எடுத்தால் அந்த வீடு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு சின்னப் புண்ணில் தொடங்குகின்றன. அந்தப் புண்ணை முதல் நாளே பார்த்திருந்தால் கட்டுப் போட்டே ஆற்றியிருக்கலாம்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு ஒருமுறை பாதத்தைப் பார்த்தாக வேண்டும். குனிய முடியவில்லையா? முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டிப் பாருங்கள். கண் மங்கல் என்றால் மருமகளோ பேத்தியோ பார்க்கட்டும். "ஆச்சி, காலைக் காட்டுங்க" என்று பேத்தி கேட்டால் எந்த ஆச்சி மறுப்பாள்? விரலிடுக்கு, குதிகால், விரல் நுனி, நகத்தின் ஓரம். சிவப்பு, கொப்புளம், நிறமாற்றம், ஈரக்கசிவு, ஒரு கால் மட்டும் சூடாக இருப்பது — எது இருந்தாலும் மறுநாள் ஆஸ்பத்திரி.

மரத்த காலைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. முன்னால் பித்த வெடிப்புக்குச் சொன்ன வெந்நீர் வைத்தியம் இவர்களுக்கு இல்லை. குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் கால் விட்டுப் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். எண்ணெயோ களிம்போ பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

கோயிலுக்கு நடக்கிறவர்களுக்கு

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதா திருவிழாவுக்கும் வேண்டிக் கொண்டு நடந்து வருகிறவர்கள் உண்டு. பக்தியைப் பற்றிப் பேச நான் யார்? ஆனால் மத்தியான வெயிலில் தார் ரோட்டில் உணர்ச்சியில்லாத கால் வெந்து போகும், கொப்புளம் வந்த பிறகும் நடந்து கொண்டே இருப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் செருப்போடு நடங்கள். முருகனும் மாதாவும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சன்னிதிக்குள் தடித்த பருத்திக் காலுறை போட்டுக் கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். வெயில் ஏறுமுன் பிராகாரம் சுற்றிவிடுங்கள்.

செருப்பு வாங்குவது ஒரு கலை

மாலையில்தான் வாங்க வேண்டும். காலையில் இருந்ததைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய செருப்பு மாலையில் கடிக்கும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள். முன்பக்கம் விரல்கள் அகன்று இருக்க இடம், பின்பக்கம் வார், உள்ளே மெத்தென்ற அட்டை — இவ்வளவும் வேண்டும். விரலிடுக்கில் மாட்டுகிற ரப்பர் செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. அது நழுவாமல் இருக்க விரல்கள் பிடித்துக் கொண்டே இருக்க வேண்டும், இடுக்கிலும் அறுக்கும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். தினமும் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும், அன்று சாயங்காலம் புண்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். மாத்திரையை வாங்கி வைத்துக் கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். "பாதத்தை எங்கே பரிசோதிக்கிறாங்க?" என்று அவர்களிடமே கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. பரிசோதனை வலிக்காது. ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். கால் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறையாவது இது அவசியம்.

போகும்போது தினமும் போடுகிற செருப்பையே போட்டுக் கொண்டு போங்கள். கல்யாண வீட்டுக்கென்று எடுத்து வைத்திருக்கும் புதுச் செருப்பு வேண்டாம். பழைய செருப்பு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தால், பாதத்தில் எந்த இடம் அழுந்துகிறது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.